நாளைக்குக் குடுத்தனுப்பறேன் சார்

கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு எழுதும் ஆபீஸ்களில் மாதத்தின் இரண்டாவது வாரம் தொடங்கியதும் ஒரே பதில் திரும்பத் திரும்பக் காதில் விழும்: “நாளைக்குப் பையன்கிட்ட குடுத்தனுப்பறேன் சார்.” கேட்டது பெரிய விஷயமாகவே இருக்காது. ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், நாலு பர்ச்சேஸ் பில், ஒரு கையெழுத்து, ஓர் ஓடிபி. இதற்கு ஏன் மூன்று வாரம்?

சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவது சுலபம். விடியும் முன் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவரையும், ஆம்பூரில் ஷிப்மென்ட் தேதிக்குள் ஷூ அப்பர் தைத்து அனுப்ப ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவரையும் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? உண்மையில் நடப்பது வேறு. கேட்கப்பட்ட காகிதம், கேட்கப்பட்ட ஆளிடம் இல்லை. முதலாளியிடம் கேட்கிறோம். பில் கணக்குப்பிள்ளையின் டிராயரில் கிடக்கிறது. லாரி ரசீது டிரைவரின் சட்டைப் பையில். பேங்க் எஸ்எம்எஸ் வருகிற நம்பர் காலேஜ் படிக்கும் மகனிடம். முதலாளி “சரி சார்” என்பது மனசாரச் சொல்வதுதான். ஆனால் அவர் இன்னும் மூன்று பேரை விரட்ட வேண்டும். அந்த மூன்று பேருக்கும் இது அவசரமில்லை.

அதனால் புது கிளையன்ட் வந்த முதல் வாரத்திலேயே ஒரு பக்கத் தாள் எழுதி ஃபைலின் முகப்பில் வைத்துவிட வேண்டும். எந்தக் காகிதம், யார் கையில், அவர் நம்பர், எந்த நேரத்தில் பேசலாம். இந்த நான்கு கட்டம் போதும். கூடவே முதலாளியிடம் ஒரே ஒரு முறை அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்: “இனிமே பில் விஷயத்தை உங்க கணக்குப்பிள்ளைகிட்டயே நேரா கேட்டுக்கறோம், நீங்களும் வாட்ஸ்அப் குரூப்புல இருங்க.” பலர் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். ஆட்டாதவர் கடையில் இரண்டு நோட்டு ஓடுகிறதோ என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது தனிக் கதை, வாட்ஸ்அப்பில் தீராது.

நேரக் கட்டத்தை அலட்சியமாக விடக்கூடாது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போன் அடித்துவிட்டு ‘எடுக்கவே மாட்டேங்கிறார்’ என்று எழுதி வைப்பதில் அர்த்தமில்லை. குடியாத்தத்தில் வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மே நடுவில் அந்த ஊரில் எந்தக் கடையிலும் பில் தேட ஆள் கிடைக்காது. மே 20-க்குள் போட வேண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான காகிதத்தை 10-ஆம் தேதிக்குள் வாங்கிவிட வேண்டும். தெரிந்த சங்கதிதான், ஆனாலும் வருடா வருடம் 16-ஆம் தேதி போன் செய்து திட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

“எல்லா பில்லும் அனுப்புங்க”

தாமதத்தில் பாதி, கேட்கிற விதத்தில் பிறக்கிறது. ‘எல்லா பில்லும் அனுப்புங்க’ என்றால் எத்தனை அனுப்பினால் ‘எல்லாம்’ ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத வேலையை யாரும் முதலில் எடுக்க மாட்டார்கள். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “பாய், ஜூன் சேல்ஸ் பில் 214-லேருந்து 251 வரைக்கும் வந்துடுச்சு. 233, 234 ரெண்டு மட்டும் வரல. கேன்சலா, புக்குல இருக்கா?” பதில் பத்து நிமிடத்தில் வரும். எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை பில் போட்டோம், எத்தனை கேன்சல் என்று, விற்பனையைக் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இன் 13-ஆவது அட்டவணையில் எப்படியும் காட்டியாக வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் கேள்வியே ‘முதல் பில் நம்பர் என்ன, கடைசி பில் நம்பர் என்ன’ என்பதாக இருக்கட்டும். பில்களே வராவிட்டாலும் இந்த இரண்டு எண் வந்தால் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும்.

பர்ச்சேஸ் பில்லுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் வந்துவிடுகிறது. யார் யார் நம் கிளையன்ட் பெயரில் பில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் ஏற்றி நமக்குத் தெரிவிக்கப்படாத பில்லுக்கு கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால், இந்தப் பட்டியல்தான் ஆதாரம். அதை எக்ஸெலில் இறக்கி, கடைப் பெயர், பில் நம்பர், தொகை என்று மூன்று கட்டம் மட்டும் வைத்து பிரிண்ட் எடுத்து அனுப்புங்கள். “சரக்கு வந்ததுக்கு டிக் போடுங்க, வராததுக்குப் பெருக்கல் போடுங்க.” நாற்பது பில்லைத் தேடச் சொன்னால் தள்ளிப்போடுகிறவர், டிக் போடும் வேலையை டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவார். பிறகு கேட்க வேண்டியது இரண்டே வகை: பட்டியலில் இருந்து கையில் இல்லாத பில், கையில் இருந்து பட்டியலில் இல்லாத பில். இரண்டாவது வகைதான் பணம். அந்த சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை, அல்லது வேறு யாரோ நம்பரில் ஏற்றிவிட்டார். அவரைப் பிடிக்க வேண்டிய வேலையைக் கிளையன்ட்டிடமே விடலாம். அடுத்த பேமென்ட் அவர் கையில்தானே இருக்கிறது.

பில் கையில் இருப்பதும் அவசியம்தான். 2பி-யில் இருக்கிறது என்பதற்காக பில் இல்லாமல் கிரெடிட் எடுத்தால் ஆய்வு வரும்போது நிற்காது. அதேபோல் 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும்.

பேங்க் ஸ்டேட்மென்ட் விஷயத்தில் பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்புவதை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். நிழல் விழும், ஓரம் வெட்டுப்படும். அதைவிடப் பெரிய சிக்கல், ரொம்ப நாள் பிரிண்ட் போடாமல் விட்ட பாஸ்புக்கில் பழைய வரவு செலவுகளைத் திரட்டி ஒரே வரியாகப் போட்டுவிடும் வங்கிகள் உண்டு. அந்த ஒரு வரிக்குள் நாற்பது யூபிஐ வரவு இருக்கலாம். நெட் பேங்கிங்கிலிருந்து 1-ஆம் தேதி முதல் கடைசித் தேதி வரை பிடிஎஃப், கிடைத்தால் எக்ஸெல். பாஸ்வேர்டு இருந்தால் அதே மெசேஜில். நெட் பேங்கிங் இல்லாதவரிடம், மாதா மாதம் ஸ்டேட்மென்ட் மெயிலில் வரும்படி கிளையில் ஒரு விண்ணப்பம் கொடுக்கச் சொல்லலாம். அந்த விண்ணப்பத்தையும் நாமே டைப் செய்து, கையெழுத்து இடத்தில் பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

பெட்ரோல் பங்க் பில், ஹோட்டல் பில் எல்லாம் சூட்டில் அச்சாகும் தாள். சில மாதத்தில் வெள்ளையாகிவிடும், வேலூர் வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே போட்டோ. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், எழுத்து மங்காது.

வேலூர்ப் பக்கத்துக்கே உரிய சில காகிதங்கள்

பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்ததற்குப் பிறகும், இங்கே வியாபாரத்தின் தலைவலி மாறவில்லை: ஆந்திர எல்லை. காட்பாடியிலிருந்து சித்தூர் ஒரு மணி நேரம்கூட இல்லை. கடைக்காரருக்கு அது பக்கத்து ஊர். சட்டத்துக்கு வெளி மாநிலம். ‘கஸ்டமர் ஜிஎஸ்டி நம்பரை அப்புறம் வாங்கித் தர்றேன்’ என்று பில் போட்டுவிடுகிறார்கள். நம்பர் வரும்போது அது 37-இல் தொடங்குகிறது, பில்லிலோ 33-க்கு உரிய, மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய, வெளி மாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்டிவிட்டு, ஏற்கெனவே கட்டியதற்கு ரீஃபண்ட் கேட்க வேண்டும். வட்டி கிடையாது என்றாலும் பணம் மாதக்கணக்கில் முடங்கும். தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) ஒரு லட்சத்துக்கு மேல்தான். எல்லை தாண்டினால் 50,000-த்திலேயே வேண்டும். பில் போடும் பையனின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ‘33 தமிழ்நாடு, 37 ஆந்திரா, 29 கர்நாடகா’ என்று ஒரு துண்டுத் தாள் வைப்பது மூன்று பக்க அறிவுரைக்குச் சமம்.

தோல் தொழிலில் லாரி வாடகை அதிகம். பத்து வண்டிக்கு மேல் வைத்திராத லாரி உரிமையாளர், பான் நம்பரோடு அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவருக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை. அரைப் பக்கம், ஐந்து வரி. யாரும் சமயத்தில் வாங்குவதில்லை, மார்ச் முடிந்து ஆடிட் வரும்போது தேடுகிறார்கள்; அதற்குள் அந்த லாரி வேறு ஊரில் ஓடிக்கொண்டிருக்கும். வாங்காவிட்டால் என்ன? ஒரு கூட்டு நிறுவனம் அப்படிப்பட்ட ஒருவருக்கு வருடத்தில் 6 லட்சம் வாடகை கொடுத்து டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றால், அதில் 30 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய் செலவாக ஏற்கப்படாது. 31.2 சதவீத வரியில் 56,160 ரூபாய். லாரிக்காரர் அந்த வருமானத்தைத் தன் ரிட்டர்னில் காட்டி வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்று வாங்கிக் கொடுத்துத் தப்பலாம். ஐந்து வரிக் கையெழுத்துக்கே கிடைக்காதவர் அதற்குக் கிடைப்பாரா? முதல் வாடகை கொடுக்கும் அன்றே, பணத்துக்கு முன் கையெழுத்து என்று கேஷியருக்குச் சொல்லி வைப்பதுதான் வழி.

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு எல்யூடி, அதாவது ஐஜிஎஸ்டி கட்டாமல் சரக்கு அனுப்பத் தரும் உறுதிமொழிக் கடிதம். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும், மார்ச் 31-ஓடு பழையது செத்துவிடும். போர்ட்டலில் பதினைந்து நிமிட வேலை. ஆனால் இரண்டு சாட்சிகளின் பெயர், தொழில், முகவரி கேட்கும். அந்த இரண்டு பெயருக்காகவே ஏப்ரல் முதல் வாரம் ஓடிவிடும், இடையில் ஒரு கன்டெய்னர் போய்விடும். போன வருடச் சாட்சிகளையே மார்ச் 20 வாக்கில் ‘இவங்களே இருக்கட்டுமா?’ என்று கேட்டால் முடிந்தது.

சப்ளையர்களின் உத்யம் சான்றிதழும் (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்ற பதிவு) அப்படித்தான். குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாள்தான் கெடு. அதற்குள் கொடுக்காத பாக்கி, மார்ச் கடைசியில் நிலுவையாக நின்றால் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகும். பதனிடும் கெமிக்கல் விற்கிறவர் தயாரிப்பாளரா, வாங்கி விற்கும் வியாபாரியா என்பதைப் பொறுத்து முடிவு மாறும், வியாபாரிக்கு இந்த விதி இல்லை. சான்றிதழில் தொழில் வகை எழுதியிருக்கும். முதல் பக்கம் மட்டும் வாங்கிவிட்டு அந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கேட்கும் மாதம் பிப்ரவரி. ஏப்ரலில் கேட்டால் தெரிந்துகொள்ளலாம், ஒன்றும் செய்ய முடியாது.

லேட் ஃபீயைச் சொல்லி மிரட்டுவது

வேலைக்கு ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை, மாதம் 5 லட்சம் பில், 18 சதவீதத்தில் 90,000 வரி. முழுவதும் ரொக்கமாகக் கட்ட வேண்டியது என்றே வைத்துக்கொள்வோம். 3பி-யை (மாதம் 20-ஆம் தேதிக்குள் வரி கட்டிப் போடும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன்) முப்பது நாள் தள்ளினால் தினம் 50 வீதம் லேட் ஃபீ 1,500. ஒன்றரைக் கோடி வரை டர்ன்ஓவர் உள்ளவருக்கு எவ்வளவு தள்ளினாலும் ரிட்டர்னுக்கு 2,000-தான் உச்சம். 18 சதவீத வட்டி சுமார் 1,330. இரண்டும் சேர்ந்து மூவாயிரத்தைத் தொடாது. கந்துவட்டி நிலவரம் தெரிந்த வியாபாரிக்கு இது மலிவான கடன். அவர் பயப்படவில்லை என்றால் அவர் கணக்குச் சரி.

அவரை அசைப்பது வேறு. ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதிக்குள் போகாவிட்டால், அவருடைய பில் பெரிய கம்பெனியின் அந்த மாத 2பி-யில் வராது. பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் 90,000-ஐ நிறுத்தி வைக்கும், சில இடங்களில் பில்லையே நிறுத்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற சிறு பட்டறை, முதல் இரண்டு மாதம் 13-ஆம் தேதிக்குள் போர்ட்டலின் ஐஎஃப்எஃப் வசதியில் பில்லை ஏற்றாவிட்டால் வாங்குபவர் காலாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். “லேட் ஃபீ விழும்” என்று சொல்லாமல் “இந்த மாசம் பில் ஏத்தலன்னா உங்க 90,000 அடுத்த மாசம்தான்” என்று சொல்லுங்கள். இரண்டு முறை தொடர்ந்து 3பி போடாதவருக்கு இ-வே பில் அடைபடும் என்பதும் அதே ரகம். குடியாத்தத்திலிருந்து லுங்கி பேல் ஏற்றுகிறவருக்கு, வண்டி நிற்கும் என்பது போதும்.

நமக்குள் ஒரு கெடு வேண்டும், அது அரசின் கெடுவாக இருக்கக்கூடாது. 5-ஆம் தேதி விற்பனை, 15-இல் 2பி பட்டியல், 17-இல் கட்ட வேண்டிய தொகை, 18-இல் சலான். 20 என்ற தேதியைக் கிளையன்ட்டிடம் உச்சரிக்கவே வேண்டாம். உச்சரித்தால் 20 இரவு எட்டு மணிக்குத்தான் காகிதம் வரும், அப்போது போர்ட்டலும் திணறிக்கொண்டிருக்கும். காகிதம் முழுசாக வராத மாதத்திலும் தோராயத் தொகையைக் கெடுவுக்குள் போர்ட்டலில் உள்ள அவருடைய கேஷ் லெட்ஜரில் கட்டச் சொல்லலாம். 2024 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி, கெடுத் தேதியிலிருந்து ரிட்டர்னில் கழிக்கும் நாள்வரை லெட்ஜரில் இருந்த பணத்துக்கு வட்டி கிடையாது. லேட் ஃபீ மட்டும் ஓடும்.

ஆனால் ரிட்டர்னையே தோராயமாகப் போடுவது, அதைவிட மோசமாக ‘இப்போதைக்கு நில் போட்டு வைப்போம்’ என்று விற்பனையே இல்லாததாகக் காட்டுவது, செய்யவே கூடாத காரியம். 3பி-யைத் திருத்தி மறுபடி போட வழி இல்லை. நில் போட்ட மாதத்தின் விற்பனையை அடுத்த மாதத்தில் நுழைத்தால் வட்டியும் வரும், ஜிஎஸ்டிஆர்-1-க்கும் 3பி-க்கும் வித்தியாசம் ஏன் என்று நோட்டீசும் வரும். அதற்குப் பதில் எழுதும் நேரத்தில் பத்து கிளையன்ட் வேலையை முடிக்கலாம். போடாமலே கிடப்பதும் நல்லதல்ல. நோட்டீஸ் வந்து 15 நாள் கழித்து அதிகாரியே ஒரு தொகையை நிர்ணயித்து உத்தரவு போடலாம்; உத்தரவு வந்த 60 நாளுக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த உத்தரவு தானாக விலகும். ஆறு மாதம் தொடர்ந்து போடாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். கெடு முடிந்து மூன்று வருடம் கடந்த ரிட்டர்னைப் போர்ட்டல் ஏற்காது என்ற கட்டுப்பாடும் 2025-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஓடிபி

ரிட்டர்னை உறுதிசெய்யும் ஓடிபியைத் தராமல் இழுப்பவர்மேல் கோபப்படுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். யாருக்கும் ஓடிபி சொல்லாதே என்று வங்கியும் போலீசும் வருடக்கணக்காகச் சொல்லி வருகின்றன. அவர் தயங்குவதுதான் சரி. ரிட்டர்னில் என்ன இருக்கிறது என்று காட்டாமல் ஓடிபி கேட்பது, வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பதுதான். முதல் நாளே ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புங்கள்: விற்பனை இவ்வளவு, வரி இவ்வளவு, கிரெடிட் இவ்வளவு, கட்டியது இவ்வளவு. “நாளைக்குக் காலையில பதினொண்ணு பத்துக்கு ஓடிபி வரும், போனைப் பக்கத்துல வெச்சுக்குங்க.” நேரம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே தடவையில் முடிகிறது. வருமான வரி ரிட்டர்னில் இந்தத் தாமதம் ஆபத்து: போட்ட 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால், சரிபார்த்த நாளே போட்ட நாளாகிவிடும், சரிபார்க்கவே இல்லை என்றால் ரிட்டர்னே போடாத கணக்கு. ரிட்டர்ன் போட்டாச்சு என்று கிளையன்ட்டும், ஓடிபி வரும் என்று ஆபீசும் இருந்துவிடுவதில்தான் இது நழுவும்.

காகிதம் தயாராக இருந்தும் வராத கிளையன்ட்டுகள் உண்டு. அவர்களில் பலர் ஒளிந்துகொள்வது வரிக்கு அல்ல, நம் ஃபீஸ் பாக்கிக்கு. இரண்டு வருட ஃபீஸ் நிற்கும்போது போனை எடுக்க அவருக்குச் சங்கடம். ஃபீஸ் பேச்சையும் காகிதப் பேச்சையும் ஒரே போனில் பேசாதீர்கள். பில் கேட்கும் அசிஸ்டென்ட் ஃபீஸைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. மாதக் கட்டணமாக, சிறிய தொகையாக, யூபிஐ ஆட்டோபேயில் மாற்றிவிட்டால் இந்த ஒளிதல் பெருமளவு குறையும்.

இத்தனைக்குப் பிறகும் நகராதவர் இருப்பார். கேட்ட தேதி, கேட்ட காகிதம், வந்த பதில் மூன்றையும் வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் மாதம் ஒரு மெயிலாக அனுப்பி வைப்பது நல்லது. நோட்டீஸ் வரும் நாளில் ‘ஆடிட்டர் சொல்லவே இல்லை’ என்ற பேச்சுக்கு அதுதான் பதில். கிளையன்ட்டை விடுவதென்றால் மாத நடுவில் விடாமல், ஒரு ரிட்டர்னை முடித்துவிட்டு, அடுத்த கெடுவுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். அவருடைய பில், புத்தகம், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் எல்லாம் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். டேலி டேட்டாவும் அவருடையதுதான்.

முக்கியமாகப் போர்ட்டலில் பதிந்த மொபைலும் மெயிலும். வேலை சுலபம் என்று பல ஆபீஸ்கள் தங்கள் நம்பரையே கொடுத்து வைத்திருக்கின்றன. போர்ட்டலில் ஏற்றினாலே நோட்டீஸ் கொடுத்ததாகத் துறை எடுத்துக்கொள்கிறது. கிளையன்ட் போன பிறகு அது நம் போனில் வந்து கிடந்தால் அவருக்குத் தெரியாமலே உத்தரவு வந்துவிடும். அந்த மாதிரி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏராளம். வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் மறுவிசாரணைக்கு அனுப்புகிறார்கள். காகிதங்களைத் திருப்பிக் கொடுக்கும் அதே நாளில், அவரை எதிரில் உட்கார வைத்து நம்பரை மாற்றிவிடுங்கள். அதற்கும் அவர் ஓடிபி சொல்ல வேண்டும்.